நேரலையில் வாய் தவறினால்

அறிவிப்பாளர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "மேடம், லைவில் ஏடாகூடமாக ஏதாவது வாயில் வந்துவிட்டால் என்ன செய்வது?" வானொலியில் 19 வருடம் செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் படித்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், என்றைக்காவது ஒருநாள் வரத்தான் செய்யும். அதைக் குறைக்கப் பழகலாம். வந்த பிறகு யாரையும் கூசவைக்காமல் கடந்து போகவும் பழகலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், காலைச் செய்தி. தாளில் இருந்த வரி இது: "மாவட்ட ஆட்சியருடன் 30 படுக்கை வசதி கொண்ட புதிய சிகிச்சைப் பிரிவை அமைச்சர் பார்வையிட்டார்." கண்ணால் படித்தால் ஒன்றும் உறுத்தாது. நான் அவசரத்தில் அந்த 30-ஐ விழுங்கிவிட்டு, 'ஆட்சியருடன் படுக்கை' என்று ஒரே மூச்சில் சேர்த்துப் படித்துவிட்டேன். ஆட்சியர் ஒரு பெண். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்துப் பதறி, "மன்னிக்கவும், ஆட்சியருடன் படுக்கை..." என்று திரும்ப ஆரம்பித்து, சரியாக அதே இடத்தில் நின்றேன். முதல் தடவை பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை ஊருக்கே கேட்டுவிட்டது. அன்று முழுக்க அந்த அம்மா யார் யார் முகத்தில் விழித்திருப்பாரோ என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

"ஏம்மா, தப்பாச் சொன்னதை எதுக்கு மறுபடி சொல்றே? சரியானதை மட்டும் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு" என்றார் மூத்த அறிவிப்பாளர் அண்ணாச்சி. நான் கற்றுக்கொடுப்பதில் பாதி இந்த ஒரு வரிதான்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், 'உடன்', 'ஓடு' எல்லாம் தன் வினை வரும்வரை காத்துக் கிடக்கும். நடுவில் எந்தச் சொல் வந்தாலும் காது அதோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் ஸ்டுடியோவுக்குள் போவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள். 'படுக்கை', 'உறவு', 'தொடர்பு' வருகிற வரிகளைப் பென்சிலால் சுழியுங்கள். முடிந்தால் உடைத்து எழுதுங்கள். "30 படுக்கைகள் கொண்ட புதிய சிகிச்சைப் பிரிவை அமைச்சர் பார்வையிட்டார். மாவட்ட ஆட்சியரும் உடன் இருந்தார்." மூச்சுக்கும் இடம் கிடைத்தது, ஆட்சியரும் தனியாக நின்றுகொண்டார்.

உழவர் நிகழ்ச்சி படிப்பவர்களுக்கு ள, ல இரண்டும் பெரிய சோதனை. 'விதையின் முளைப்புத் திறன்', 'முளைகட்டிய பயறு' என்று பத்து நிமிடத்தில் இருபது தடவை வரும். ஒரு இடத்தில் ளகரம் லகரமானால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லை ஒட்டிய இடத்தைத் தொடும். ளகரத்துக்கு நுனி பின்னால் மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும். 'முளை, முளை, முளைப்பு' என்று நிகழ்ச்சிக்கு முன் மெதுவாக ஐந்து தடவை சொல்லிப் பாருங்கள். களைப்பாக இருக்கும் நாளில்தான் நாக்கு மடங்காமல் சோம்பேறித்தனம் பண்ணும்.

பெயரும் பதவியும் அடுத்தடுத்து வரும் இடம் இன்னொரு கண்ணி. 2010 டிசம்பர் 6 அன்று பி.பி.சி. வானொலியில் ஜேம்ஸ் நாட்டி என்ற அனுபவசாலி, பிரிட்டனின் கலாசார அமைச்சர் ஜெரமி ஹண்டின் பெயரைச் சொல்லப் போனார். அடுத்து வரவேண்டிய 'கல்ச்சர்' என்ற சொல்லின் க ஒலி முந்திக்கொண்டு வந்து ஹண்டின் தலையில் உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் அது கேட்கக் கூசும் வசவு. சிரிப்பை அடக்க முடியாமல் இருமி இருமித்தான் மிச்சச் செய்தியை முடித்தார். கொஞ்ச நேரத்தில் அதே அலைவரிசையில் ஆண்ட்ரூ மார் இந்தத் தவறைப் பற்றிப் பேசப்போய், அவர் வாயிலும் அதே சொல் வந்துவிட்டது. அண்ணாச்சி சொன்னது லண்டனுக்கும் பொருந்தும். பெயருக்கும் பதவிக்கும் நடுவில் அரை நொடி விடுங்கள். தவறிவிட்டால் அதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

சிரிப்பு விஷயத்துக்கு 1991 ஆகஸ்ட் 9 அன்றைய பி.பி.சி. வானொலி கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுப் பாருங்கள். ஓவல் மைதானம், இங்கிலாந்துக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் டெஸ்ட். ஆம்ப்ரோஸின் பந்தை அடிக்கப் போய் நிலைதடுமாறிய இங்கிலாந்து வீரர் போத்தம், ஸ்டம்பைத் தாண்டப் பார்த்து பெயிலைத் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் அதை விவரித்த வர்ணனையாளர் ஜோனதன் ஆக்நியூ, அவரால் காலைத் தாண்டிப் போட முடியவில்லை என்ற பொருளில் சொன்ன தொடருக்கு, இங்கிலாந்துக் கொச்சையில் உடலுறவு என்ற அர்த்தமும் உண்டு. பக்கத்தில் இருந்த 79 வயது சக வர்ணனையாளர் பிரையன் ஜான்ஸ்டன் ஸ்கோரைச் சொல்லிச் சொல்லிச் சமாளித்தார். பிறகு குரல் கீச்சென்று போய், "நிறுத்துங்கள்" என்று ஆக்நியூவிடம் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டார். ஆனால் அதில் யார் மானமும் போகவில்லை. அதனால்தான் இன்றும் மக்கள் பிரியமாகக் கேட்கிறார்கள். கபடி, கிரிக்கெட் வர்ணனையில் இப்படி நடந்தால் சேர்ந்து சிரித்துவிடலாம், தப்பில்லை. மரணச் செய்தியிலோ, ஒரு பெண்ணின் பெயர் வருகிற இடத்திலோ சிரிக்கவே கூடாது.

சிரிப்பு முட்டினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள். கண்ணைத் தாளில் வைத்து, ஃபேடரை (மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) இறக்கி, இரண்டு நொடி மௌனம் விடுங்கள். நேயர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்துவது எனக்கு உதவியிருக்கிறது. அப்படியும் முடியவில்லையா, நிகழ்ச்சியின் அடையாள இசையான சிக்னேச்சர் டியூனைப் போட்டுவிடுங்கள்.

ஒருவருக்குச் சங்கடம் ஆகியிருந்தால் மன்னிப்பை மைக்கில் கேட்காமல் நேரில் கேளுங்கள். நான் மறுநாள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உதவியாளர்தான் எடுத்தார், சொல்லிவிடுகிறேன் என்றார்.

அப்புறம், அந்தப் பதிவு. போன மாதம் ஒரு தம்பி செய்தியில் தடுமாறினான். அந்தத் துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மதியத்துக்குள் நாலு பேர் என்னிடம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அவனை உட்காரவைத்து அந்த வரியைப் பத்துத் தடவை படிக்கவைத்தேன். சாயங்காலச் செய்தியையும் அவனே படித்தான்.