கொடுப்பதற்கு முன் விசாரிப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 ஆம் ஆண்டு வெள்ளம், 2024 இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலும் அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த பெருக்கும் என்று நமது கடற்கரை மாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேரிடர்களைச் சந்தித்து வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் உண்மையான தொண்டர்கள் எவ்வளவு விரைவாகக் களத்தில் இறங்கினார்களோ, அவ்வளவு விரைவாக வாட்ஸ்அப் குழுக்களில் க்யூஆர் கோடுகளும் சுற்றத் தொடங்கின. பேரிடர் இல்லாத நாட்களிலும் பேருந்து நிலையத்தில் உண்டியலுடன் வருபவர், வாசலில் ரசீதுப் புத்தகத்துடன் நிற்பவர், கைப்பேசியில் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்பவர் என்று யாராவது ஒருவர் நம்மிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார். யாருக்குக் கொடுப்பது என்பதை அந்த நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. உண்மையான அமைப்பாக இருந்தால் நாளை கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். ஆகவே 'இன்றே, இப்போதே' என்று நெருக்குபவரிடம்தான் முதலில் ஐயம் கொள்ள வேண்டும்.

உள்ளூரில் வாழ்பவருக்கு வெளியூர் நன்கொடையாளரிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. நாம் உதவ நினைக்கும் இல்லமோ அறக்கட்டளையோ பெரும்பாலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பதால், காகிதத்தில் எழுதியிருப்பதை நேரில் சென்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். காகிதத்தை மட்டும் பார்ப்பதும் போதாது, இடத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. பளிச்சென்று வெள்ளையடித்த கட்டடத்தில் கணக்கே இல்லாமல் இருக்கலாம்; ஒழுங்கான கணக்கு வைத்திருக்கும் அமைப்பு சொல்லும் இடத்தில் பூட்டிய கதவு மட்டுமே இருக்கலாம்.

எந்த அரசின் எல்லை என்பதை முதலில் அறியுங்கள்

வேறு ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாத இந்தக் கேள்வி நமக்குத் தேவைப்படுகிறது. புதுச்சேரியின் எல்லை தமிழ்நாட்டோடு பின்னிக் கிடப்பதால், முகவரியில் 'புதுச்சேரி' என்று எழுதியிருக்கும் ஓர் இல்லம் உண்மையில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்குப்பத்தில் இருக்கலாம். கடலூர் சாலையில் முள்ளோடையைத் தாண்டுவதற்கு முன்பும் பின்பும் இருக்கும் இரண்டு இல்லங்கள் இரு வேறு அரசுகளின் கண்காணிப்பில் வரும். சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு கடலூரில் 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும், புதுச்சேரியில் 1860 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழும் வருகிறது. அறக்கட்டளையாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரமும், 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் எட்டாம் பிரிவில் தொடங்கப்பட்ட லாபநோக்கற்ற நிறுவனமாக இருந்தால் மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சக இணையதளத்தில் விவரமும் இருக்கும். இந்த மூன்றில் தாங்கள் எந்த வகை என்று கேட்டால் உடனே விடை சொல்லத் தெரியாத பொறுப்பாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பெரிய பயன் இல்லை.

காகிதங்களில் எதைப் பார்ப்பது

அமைப்பின் பான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் நான்காவது எழுத்தே பல செய்திகளைச் சொல்லிவிடும்: அறக்கட்டளைக்கு ஆங்கில 'டி', சங்கம் போன்ற கூட்டமைப்புகளுக்குப் பெரும்பாலும் 'ஏ', நிறுவனத்துக்கு 'சி', தனிநபருக்கு 'பி'. அறக்கட்டளை என்று பலகை வைத்துக்கொண்டு 'பி' உள்ள பான் எண்ணைக் காட்டுபவர் தம் சொந்தக் கணக்குக்கே பணம் வாங்குகிறார் என்று பொருள். வங்கிக் கணக்கும் அவ்வாறே அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். யுபிஐ செயலியில் தொகையை அழுத்துவதற்கு முன்பு திரையில் தோன்றும் பெயரை ஒருமுறை படித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

அடுத்தது வருமான வரித் துறையின் பதிவு. அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய இந்தப் பதிவுகள் ஒருமுறை பெற்றால் என்றென்றைக்கும் செல்லும் என்ற காலம் 2021 உடன் முடிந்துவிட்டது. புதிய அமைப்புக்கு முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கிறது. பிறகு அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகையால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாமல், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்தில் விலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலிலும் தேடலாம். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். ஆனால் அந்தத் தளத்தின் பதிவு எண் இருப்பதால் அரசு அந்த அமைப்புக்கு நற்சான்று வழங்கியதாகக் கொள்ளக் கூடாது. விவரங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் படிப்பதற்குப் பட்டயக் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. கடைசி மூன்று ஆண்டுகளின் கணக்கை அருகருகே வைத்து, நன்கொடை எவ்வளவு வந்தது, அது எந்தப் பணிக்குப் போனது, ஆண்டு இறுதியில் மீதம் என்ன என்று பாருங்கள். அறங்காவலர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தினராக இருந்து, அவர்களில் ஒருவருக்குச் சொந்தமான கட்டடத்துக்கே மாத வாடகை போகுமானால், அது சட்டவிரோதம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். என்றாலும் அந்த வாடகை ஊர் நிலவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'நிர்வாகச் செலவே கிடையாது, முழுப் பணமும் ஏழைகளுக்கே' என்று பெருமையாகச் சொல்லும் அமைப்பை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். நாற்பது முதியோர் தங்கியிருக்கும் இடத்தில் இரவுப் பணிக்கு ஒரு செவிலியரும், மருந்துக் கணக்கை எழுதி வைக்க ஒருவரும் சம்பளத்துக்கு இல்லையென்றால் அந்த இல்லத்தில் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்றே பொருள். சம்பளம் கொடுப்பது குற்றமன்று. அதை மறைப்பதுதான் தவறு.

காப்பகங்களும் முதியோர் இல்லங்களும்

நமது பகுதியில் நன்கொடை மிக அதிகமாகச் செல்வதும், தவறு நேர்ந்தால் பாதிப்பு மிகக் கடுமையாக இருப்பதும் இங்கேதான். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய உரிமம் இன்றி இயங்கிவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டதும், அங்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகள் சிபிசிஐடி விசாரணை வரை சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். எனவே இல்லங்களைப் பொறுத்தவரை 80ஜி சான்றிதழைக் காட்டிலும் இல்லத்தை நடத்துவதற்கான உரிமமே முதலில் பார்க்க வேண்டியது.

குழந்தைகள் இல்லம் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதியோர் இல்லத்துக்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். மனநலம் பாதிக்கப்பட்டோரைத் தங்க வைக்கும் இடத்துக்கு 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி தனிப் பதிவு தேவை. புதுச்சேரி எல்லைக்குள் இருந்தால் இவற்றுக்குரிய புதுச்சேரி அரசுத் துறைகளை அணுக வேண்டும்.

நேரில் செல்லும்போது முன்னறிவிப்போடு ஒருமுறையும், முன்னறிவிப்பு இல்லாமல் ஒருமுறையும் சென்று வாருங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி இருந்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். பார்க்க வேண்டியவை எளியவை: கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, படுக்கைகளின் எண்ணிக்கையும் அவர்கள் சொல்லும் ஆட்களின் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா, சமையலறைப் பொருட்களில் காலாவதியானவை இருக்கின்றனவா, வருகைப் பதிவேடும் மருத்துவப் பதிவேடும் அன்றாடம் எழுதப்படுகின்றனவா, முதியோர் பொறுப்பாளரின் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்களா. யாருடைய அறையாவது பூட்டி வைக்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

குழந்தைகள் இல்லத்தில் உங்களை எங்கும் தடையின்றி நடமாட விட்டு, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால், அதை அன்பான வரவேற்பு என்று நினைத்துவிடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டமே தடை செய்கிறது. பெயரும் முகமும் தெரிய, 'அப்பா இல்லை, அம்மா கைவிட்டாள்' என்ற கதையோடு குழந்தைகளின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு நிதி திரட்டும் இல்லத்துக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நல்ல இல்லத்தில் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், முன்னறையிலேயே உட்கார வைப்பார்கள். அதற்காகக் கோபித்துக்கொள்வது நியாயமன்று.

பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நல்ல வழக்கம்தான், ஆனால் தீபாவளியன்றும் ஜனவரி முதல் நாளன்றும் இனிப்பு குவிந்து, ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகத்துக்கும் காலணிக்கும் கையில் காசில்லாமல் நிற்கும் இல்லங்களும் இருக்கின்றன. என்ன தேவை, எந்த மாதத்தில் தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதே முறை. மேலும், இல்லங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உண்டு. வறுமையே அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை சொந்த வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியுண்டு. உங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு தாய் பிள்ளையை இல்லத்தில் சேர்க்க எண்ணினால், அவரைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துச் சென்று விண்ணப்பிக்க உதவுவது எந்த நன்கொடைக்கும் குறைந்ததன்று.

பேரிடர்க் காலத்தில்

ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரைச் சாலைகளில் பழைய துணிகள் மலையாகக் குவிந்து, வாங்குவாரின்றி மழையில் கிடந்ததைக் கண்டவர்கள் இன்னும் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பியவைதாம், ஆனால் யாரும் கேட்காதவை. புயல், வெள்ளம் வந்தால் முதலில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் எங்கே என்ன தேவை என்று கேளுங்கள். லாரி நிற்கும் இடத்திலேயே பொருட்களை இறக்கிவிடுவது எளிது என்பதால் நெடுஞ்சாலையோர ஊர்களுக்கே மூன்று முறை அரிசி போகும். உள்ளே வயல் நடுவே இருக்கும் குடியிருப்புக்கு ஒரு முறையும் போகாது. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் பங்கிடுவது ஒழுங்கான முறைதான். எனினும் பஞ்சாயத்தின் குடும்பக் கணக்கில் இடம்பெறாத இருளர் குடும்பங்களும், தனித்து வாழும் பெண்களும், தலைச்சுமையாக மீன் விற்பவர்களும் ஆழிப்பேரலையின்போது விடுபட்டுப் போனார்கள். எனவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பிடம் 'பட்டியலை யார் தயாரித்தார்கள், அதில் யார் இல்லை' என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அதற்குத் தெளிவாக விடை சொல்லும் அமைப்பு களத்தை அறிந்த அமைப்பு. முதல் வாரத்தில் எல்லோரும் கொடுப்பார்கள். வலையும் படகு இயந்திரமும் பழுதுபார்க்கவும், தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த முந்திரி, பலா மரங்களைப் போல மீண்டும் நட்டுக் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும் வாழ்வாதாரத்தை மீட்கவும் மூன்றாவது மாதத்தில்தான் பணம் தேவைப்படும். தொகையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கி வையுங்கள்.

மருத்துவ உதவி

சிகிச்சைக்கு நிதி கேட்டு வரும் செய்தியில் மருத்துவமனையின் பெயர், நோயாளியின் பதிவு எண், மருத்துவமனை முத்திரையோடு கூடிய செலவு மதிப்பீடு ஆகியவை இருக்க வேண்டும். பணத்தைக் கூடுமானவரை மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள். அதற்கு முன்பு, கடலூர் குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை அடங்குகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் பாதுகாப்பு இருக்கும்போது கடன் வாங்கி அலைபவர்களும் உண்டு. ஜிப்மரில் உள்நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் வெளியூர்க் குடும்பத்துக்கு ஒரு வேளை உணவு, தங்கும் இடம், விண்ணப்பம் நிரப்ப ஒரு துணை ஆகியவை பெரும் உதவி. பணமே இல்லாதவர் ரத்தம் கொடுக்கலாம்: 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு நலமாக இருக்கும் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

ரசீதும் வரியும்

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை இல்லை. அரிசியாகவும் துணியாகவும் கொடுத்ததற்கும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தச் சலுகையே பொருந்தாது. பழைய முறையில் இருப்பவர், வெறும் ரசீதோடு நின்றுவிடாமல், அமைப்பு வருமான வரித் துறையில் கணக்குக் காட்டிப் பெற்றுத் தரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தர முடியாத அமைப்பு உங்கள் பணத்தைக் கணக்கில் காட்டவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

வடலூரில் வள்ளலார் 1867 இல் தொடங்கிய தருமசாலை போன்ற இடங்களுக்குக் கொடுக்க விரும்பினால், அங்கேயே சென்று அலுவலகத்தில் ரசீது பெற்றுக் கொடுங்கள். அதன் பெயரைச் சொல்லி வீடு தேடி வருபவரிடம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

பிரான்சில் இருக்கும் உறவினர் அனுப்பும்போது

புதுச்சேரிக் குடும்பங்களில் இது அடிக்கடி எழும் கேள்வி. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மாமாவோ அத்தையோ, தமிழர்களாகவே இருந்தாலும், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவர்கள் தரும் பணம் 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அதைப் பெற அந்த அமைப்புக்கு அச்சட்டத்தின்படி பதிவோ முன்னனுமதியோ இருக்க வேண்டும். பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் அமைப்பு வைத்திருக்கும் கணக்குக்கே முதலில் வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'உங்கள் மாமா என் கணக்கில் போடட்டும், நான் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த அமைப்பு நல்லதாக இருந்தால் அதற்கே சிக்கல் வரும்.

ஏமாந்துவிட்டால்

பணம் இணைய வழியில் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் தொகையை இடையில் முடக்குவதற்கு வாய்ப்பு அதிகம். குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தோன்றினால் 1098, முதியோருக்கு 14567. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை என்பதால், 'நன்கொடை ரசீது அனுப்ப எண்ணை அழுத்துங்கள்' என்று கேட்பவர் திருடர் என்பதில் ஐயம் வேண்டாம். திரைப் பிடிப்பு, பரிவர்த்தனை எண், வந்த செய்தி ஆகிய மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாமல் புகார் கொடுத்தால்தான் அதே கணக்குக்குப் பணம் அனுப்பிய மற்றவர்களின் புகார்களோடு அது சேர்த்துப் பார்க்கப்படும்.