ஃப்ளாப் விழுந்த பிறகு எவ்வளவு பெட் வைப்பது?

சனி, ஞாயிறு ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் பையில் சீட்டுக்கட்டு இருக்கும். ரம்மி அலுத்துப்போய் பெட்டுக்கு உச்சவரம்பில்லாத நோ-லிமிட் போக்கர் பக்கம் வந்தவர்களுக்கு விதிகள் சீக்கிரம் பிடிபட்டுவிடுகின்றன. ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்ததும், எவ்வளவு வைப்பது என்பதில்தான் கை தயங்குகிறது.

பழகப் பணம் வேண்டாம். எஸ்டேட் காபிக்கொட்டை ஆளுக்கு ஒரு கிண்ணம் போதும். இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு 2025-ல் மத்தியச் சட்டம் தடை போட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 1: குவியலை எண்ணுங்கள்

நடுவில் சேர்ந்திருக்கும் குவியலைத்தான் பாட் என்பார்கள். குவியல் 60 என்றால் 50 கொட்டை பெரிய பெட். அதுவே 400 என்றால் 50 வெறும் சீண்டல். அதனால் மூன்றில் ஒரு பங்கு, பாதி, மூன்றில் இரண்டு பங்கு, முழுக் குவியல் என்ற நான்கு அளவிலேயே யோசியுங்கள். கீழே எல்லா உதாரணத்துக்கும் குவியல் 60.

படி 2: விழுந்த சீட்டைப் பாருங்கள்

ஸ்பேட் ராஜா, டைமண்ட் 7, கிளாவர் 2 விழுகிறது. மூன்றும் மூன்று ஜாதி, ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள். நான்காவது பொதுச் சீட்டான டர்ன் வந்தாலும் நிலைமை பெரும்பாலும் மாறாது. இங்கே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 போதும். கையில் ஒன்றுமே இல்லாமல் வைத்தாலும், நான்கு முறைக்கு ஒருமுறை எதிராளி ஃபோல்ட் ஆனால், அதாவது சீட்டைப் போட்டு விலகினால், கைக்கு நஷ்டமில்லை. 20 கொடுத்து 60-ஐ எடுக்கிறீர்கள் அல்லவா?

ஹார்ட்டின் ஜாக்கி, ஹார்ட்டின் 10, கிளாவர் 8 விழுந்தால் கதையே வேறு. உங்களிடம் இன்னும் இரண்டு ஜாக்கி, எதிராளியிடம் இரண்டு ஹார்ட்டின் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணில் படாத 47 சீட்டில் 9 ஹார்ட்டின் இருக்கிறது. டர்னில் அவருக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, அமைய ஏறக்குறைய 19 சதவீத வாய்ப்பு.

நீங்கள் பயந்து 10 வைத்தால், அவர் 10 கொடுத்து 70-க்கு ஆடுகிறார். எட்டில் ஒருமுறை ஹார்ட்டின் வந்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். வருவதோ ஐந்தில் ஒருமுறை. நீங்களே கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி! 40 வைத்தால் 40 கொடுத்து 100-க்கு ஆட வேண்டும், அதற்கு 28 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு தேவை. டர்னை மட்டும் பார்த்தால் அவருக்கு நஷ்டம்தான். ஃப்ளஷ் அமைந்தபின் உங்களிடம் இன்னும் கறக்கலாம் என்று நம்பிச் சிலர் அதே அளவு வைத்துக் கால் பண்ணுவார்கள். அதற்காக உங்கள் அளவைக் குறைக்காதீர்கள்.

படி 3: கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் வரை கணக்குப் போடுங்கள்

இருவரிடமும் 300 கொட்டை மீதி. நல்ல கையோடு ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் 20, 20, 20 என்று வைத்தால் எதிராளியிடமிருந்து வருவது வெறும் 60. ஃப்ளாப்பில் 40 வைத்து அவர் கால் பண்ணினால் குவியல் 140. டர்னில் 90 வைத்தால் 320. மிச்சம் 170, குவியலில் பாதிக்குச் சற்று மேல். ரிவரில் அதை மொத்தமாக வைப்பது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது.

படி 4: அளவால் கையைக் காட்டாதீர்கள்

நல்ல கைக்குப் பெரிய பெட், வெறுங்கையோடு மிரட்டும் ப்ளஃப்புக்குச் சின்ன பெட் என்று ஆடினால் கொஞ்ச நேரத்தில் மேசையே படித்துவிடும். விழுந்த சீட்டு ஒரு அளவைக் கேட்கிறது என்றால், கையில் ஏஸ் ஜோடி இருந்தாலும் வெறுங்கை என்றாலும் அதையே வையுங்கள்.

இதற்கு ஒரே விலக்கு, எதற்கும் ஃபோல்ட் ஆகாமல் "பார்த்துடலாம் மாப்ள" என்று கொட்டையைத் தள்ளும் மாமா. குடும்ப ஆட்டத்தில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் ப்ளஃப் பண்ணிப் பயனில்லை. நல்ல கை வந்தால் முழுக் குவியல் அளவுக்கே வையுங்கள், அப்போதும் பார்ப்பார்.