டிக்ரி கையில் இருக்கிறது, கடனாளியின் நிலத்தில் வில்லங்கம் ஏற்றுவது எப்படி?

"டிக்ரி வாங்கியாச்சு. இனி அவர் நிலத்தை விற்க முடியாதுல்ல?"

குன்னூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழும். பதில்: தாராளமாக விற்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கீழ்க் கோர்ட் தீர்ப்பைப் பதிவு செய்தாலே அது கடனாளியின் சொத்தின் மேல் பற்றாக, அதாவது கடனுக்கான பிடியாக, ஏறிவிடும். நம் சட்டத்தில் அப்படி இல்லை. பண டிக்ரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் கோர்ட் ஆணை, நிலத்தைத் தொடாது. நிலத்தைப் பிடிப்பது ஜப்தி உத்தரவு, அது வில்லங்கச் சான்றில் தெரிந்தால்தான் வாங்க வருகிறவர் பின்வாங்குவார்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் மண்டிக்காரர் ஒருவர், கோத்தகிரி விவசாயிக்குக் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் முன்பணம் கொடுத்தார். திரும்பவில்லை. மேட்டுப்பாளையம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார்.

முதலில், எந்தக் கோர்ட்?

ஒரு கோர்ட் தன் எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தை ஜப்தி செய்யாது. எனவே டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 39-ன் கீழ், டிக்ரியைக் கோத்தகிரிக்கு அனுப்பச் சொல்லி மனுப் போட வேண்டும். டிக்ரி நகலோடு, இன்னும் பணம் வசூலாகவில்லை என்ற சான்றும் சேர்ந்து போகும். டிக்ரியும் நிலமும் ஒரே கோர்ட் எல்லைக்குள் என்றால் இந்த வேலை இல்லை.

டிக்ரியை நிறைவேற்றக் கேட்கக் காலக்கெடு 12 வருடம். அதைக் கேட்டதும் பலர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். டிக்ரி தேதியிலிருந்து இரண்டு வருடம் தாண்டினால், நிறைவேற்று மனுவில் முதலில் கடனாளிக்கு நோட்டீஸ் போகும் (அதே சட்டத்தின் ஆணை 21, விதி 22; கீழே வரும் விதிகளும் இந்த ஆணையில்தான்). நோட்டீஸ் கையில் கிடைத்தவர் மறுவாரமே மைத்துனர் பெயருக்குக் கிரயம் எழுதிவிட்டால் அதை உடைக்க இன்னொரு வழக்கு. அதனால் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.

வில்லங்கம் பாருங்கள், பட்டா பாருங்கள்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். மூன்றைத் தேடுங்கள்: அடமானம், கிரய ஒப்பந்தம், ஏற்கெனவே உள்ள ஜப்தி. பேங்கில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பேங்க் உங்களுக்கு முன்னால் நிற்கும். ஜப்திக்கு முன்பே பதிவான கிரய ஒப்பந்தம் இருந்தால், அதன்படி பின்னால் நடக்கும் கிரயத்தை உங்கள் ஜப்தி தடுக்காது. 2002 திருத்தத்தில் பிரிவு 64-ல் இதைச் சேர்த்தார்கள்.

தபசில்: இங்கேதான் எல்லாம் கெடும்

மனுவோடு சொத்து விவரம், அதாவது தபசில், இணைக்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, செக்குபந்தி (நான்கு பக்க எல்லை), அந்தச் சொத்தில் கடனாளியின் பங்கு எவ்வளவு என்பது வரை.

மலையில் இதில் சிக்கல் அதிகம். ஹட்டியின் (மலைக் குடியிருப்பின்) பெயர் ஒன்று, வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறொன்று. ஹட்டிப் பெயரைப் போட்டு வில்லங்கம் தேடினால் ஒன்றும் வராது. சொத்தே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். அடுத்தது கூட்டுப்பட்டா. அப்பா காலத்துத் தேயிலைத் தோட்டம், நான்கு அண்ணன் தம்பி பெயர், பாகப் பிரிவினை ஆகவில்லை. அப்போது 'பிரிக்கப்படாத நாலில் ஒரு பங்கு' என்றுதான் எழுத வேண்டும். முழுத் தோட்டத்தையும் எழுதினால் மற்ற மூவரும் ஆட்சேபணை மனுவோடு வருவார்கள்.

ஒருமுறை நானே மாட்டிக்கொண்டேன். கட்சிக்காரர் கொடுத்த பழைய ரசீதைப் பார்த்து உட்பிரிவு 3பி என்று தட்டச்சு செய்தேன். அது 3பி1, 3பி2 என்று பிரிந்து பல வருடம் ஆகியிருந்தது. கடனாளியுடையது இரண்டாவது, ஜப்தி விழுந்ததோ அவருடைய அண்ணன் நிலத்திலும் சேர்த்து. அண்ணன் விதி 58-ல் ஆட்சேபணை மனுப் போட்டார், நியாயம்தானே. தபசிலைத் திருத்தி, மறுபடி உத்தரவு வாங்கி முடிப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. அன்றிலிருந்து பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு தபசிலும் தட்டச்சு செய்வதில்லை. ஊட்டி, குன்னூர் நகர எல்லைக்குள் என்றால் நகர அளவைப் பதிவேட்டு எண்ணையும் போடுங்கள்.

விவசாயி குடியிருக்கும் வீட்டைத் தபசிலில் சேர்க்காதீர்கள். பிரிவு 60 அதற்கு விலக்கு தருகிறது. தோட்டத்துக்கு அந்த விலக்கு இல்லை. கூடலூர்ப் பக்கம் 'செக்ஷன் 17 நிலம்' என்று யாராவது சொன்னால் நின்று யோசியுங்கள். ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் வருடச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலம் அது. தேயிலை நிற்கும், ஆள் அனுபவிப்பார், பட்டா இருக்காது.

மனு, பேட்டா, அமீன்

விதி 11-ன்படி நிறைவேற்று மனு, கூடவே தபசில், வில்லங்கச் சான்று, பட்டா நகல். ஜப்தி உத்தரவின் நகலைச் சார்பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்று மனுவின் கோரிக்கையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உத்தரவானதும் பேட்டா, அதாவது உத்தரவை நிறைவேற்றுவதற்கான கட்டணம், கட்ட வேண்டும். இதைக் கட்ட மறந்து வாய்தா மேல் வாய்தா போகும் வழக்குக் கட்டுகள் எத்தனையோ.

அப்புறம் அமீனோடு (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) நீங்களும் போக வேண்டும், நிலத்தை அடையாளம் காட்ட. விதி 54 தண்டோரா போட்டு அறிவிக்கச் சொல்கிறது. சொத்தின் மேலும் கோர்ட்டிலும் நகல் ஒட்ட வேண்டும், தீர்வை கட்டும் நிலம் என்றால் கலெக்டர் அலுவலகத்திலும். ஆடி மாத மூடுபனியில் ஒரு ஹட்டிக்குப் போனோம். தகர டின்னைத் தட்டின சத்தம் கேட்டது, தட்டியவர் தெரியவில்லை. ஈரத்தில் பசை பிடிக்காமல் நோட்டீஸ் இரண்டு தடவை கீழே விழுந்தது. கடைசியில் இலைக் கொட்டகைத் தூணில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு அமீன் போட்டோ எடுத்துக்கொண்டார். ஹட்டியில் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம், யார் போடுவார்? ஆகவே சாட்சிக்கு இரண்டு பேரைக் கூடவே கூட்டிப் போங்கள்.

ஏறியதா என்று பாருங்கள்

கோர்ட் அனுப்பிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சில வாரம் கழித்து வில்லங்கத்தை மறுபடி எடுங்கள். உங்கள் மனு எண்ணோடு ஜப்தி வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் உத்தரவின் சான்றிட்ட நகலோடு சார்பதிவகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஜப்தியான சொத்தின் கிரயப் பத்திரத்தைப் பதிய மறுக்க, பதிவுச் சட்டத்தில் 2022-ல் தமிழ்நாடு சேர்த்த 22-பி பிரிவு சார்பதிவாளருக்கு வழி செய்கிறது. அதையும் மீறிக் கிரயம் நடந்தால், பிரிவு 64-ன்படி உங்கள் டிக்ரித் தொகையைப் பொறுத்தவரை அது செல்லாது.

ஜப்தி அடமானம் ஆகாது. முதலில் ஜப்தி செய்தவருக்கே முழுப் பணம் என்ற உரிமையும் கிடையாது. ஏலப் பணம் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னால் வேறு டிக்ரிதாரர்களும் மனுப் போட்டிருந்தால், பிரிவு 73-ன்படி விகிதம் போட்டுப் பங்கு. இன்னொன்று: வாய்தாவுக்குப் போகாமல் மனு தள்ளுபடியானால், ஜப்தி நீடிக்கும் என்று நீதிபதி எழுதாதவரை அதுவும் போய்விடும் (விதி 57). தள்ளுபடி உத்தரவில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

பல கட்டுகள் ஏலம் வரை போவதில்லை. மகள் கல்யாணத்துக்கு நிலத்தை அடகு வைக்கப் போகும்போது வில்லங்கத்தில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, கடனாளியே நம் அலுவலகப் படியேறி வருவார். பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லுங்கள். வெளியே வாங்கினால் அதைக் கோர்ட்டில் பதிவு செய்துவிட்டு, ஜப்தி நீங்கிய உத்தரவும் சார்பதிவகத்துக்குப் போக வழி செய்யுங்கள்.