கல்லடி வெக்கையில் ஒரு செக் பில்ஸ்னர்: முதன்முறை சுவைப்பவர்களுக்கு

மட்டக்களப்பில் பியர் என்றால் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருக்க வேண்டும், நாலு மடக்கில் முடிந்துவிட வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் அது நியாயமான ஆசைதான். ஆனால் செக் பாணி பில்ஸ்னர் என்ற பொன்னிறக் கசப்புப் பியரை அப்படிக் குடித்தால் அதன் முக்கால்வாசி ருசி நாக்குக்கு எட்டாமலே போய்விடும். சுவிஸில் இருக்கும் மச்சானோடு பிராக் போனபோது, பியரைத் தாங்களே காய்ச்சி ஊற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் இதை ருசிக்கப் பழகினேன். ஊருக்கு வந்து கல்லடி வீட்டு விறாந்தையில் பலமுறை செய்து பார்த்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

வேண்டியவை ஒரு போத்தல், நேரான கண்ணாடிக் கிளாஸ், அரை மணி நேரம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். போயா தினத்தில் விற்பனை கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. போத்தலைப் பாருங்கள்

செக் பியர்களில் 10, 11, 12 என்று ஓர் எண் இருக்கும். மதுசாரத்தின் சதவீதமோ என்று பயப்பட வேண்டாம். புளிக்க வைக்கும் முன் 100 கிராம் சாற்றில் கரைந்திருந்த சத்து எத்தனை கிராம் என்பதுதான் அது, பெரும்பகுதி மால்ட்டிலிருந்து, அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியிலிருந்து, வந்த சர்க்கரை. பில்ஸ்னர் ஊர்க்வெல் என்ற செக் பியர் 12 வகை. அதன் மதுசாரம் 4.4 சதவீதம்தான். சர்க்கரை முழுவதும் புளித்துப் போகாமல் கொஞ்சம் மிஞ்சுவதால்தான் வாயில் ஒரு கனம் தெரிகிறது.

முடிந்தால் பழுப்பு நிறப் போத்தலோ டின்னோ எடுங்கள். மச்சான் கொண்டுவந்த முதல் பச்சைப் போத்தலை நான் ஜன்னலோரம் வைத்துவிட்டேன். திறந்ததும் கருகிய றப்பர் மாதிரி ஒரு நாற்றம். ஹாப்ஸ் பூவின் கசப்புச் சத்து வெயில் பட்டால் இப்படித்தான் கெடும். பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது.

2. கிளாஸைக் கழுவுங்கள்

மீன் பொரித்த வீட்டில் எண்ணெய்ப் பசை எல்லாப் பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும். அந்தப் பசையும் சவர்க்காரத்தின் மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். அப்பச்சோடா போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் ஈரக் கிளாஸின் உட்புறத்தில் கொஞ்சம் உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக விட்டுப் போனால் திரும்பக் கழுவுங்கள். உப்பை அலசிவிட்டு, துடைக்காமல் ஈரத்தோடே வைத்திருங்கள்.

3. குளிர் அளவு

7 பாகை செல்சியஸ் அளவு போதும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் மேசையில் வைத்தால், நம் ஊர் வெக்கை மீதியைப் பார்த்துக்கொள்ளும். உறைய வைக்கும் தட்டில் வைக்காதீர்கள். ஐஸ் கட்டி போடவே போடாதீர்கள்.

4. ஊற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இங்கேதான். நுரை வராமல் கிளாஸைச் சாய்த்து ஊற்றுவது நம் பழக்கம். செக் நாட்டில் நுரையும் பியரில் ஒரு பங்கு. அங்கே குழாயிலிருந்து முதலில் நுரையை இறக்கி, அதற்கு அடியிலேயே பியரை நிரப்புகிறார்கள். மூன்று விரல் உயரத்துக்கு நுரை நிற்கும் அந்த ஊற்றுக்கு ஹ்லாடிங்கா என்று பெயர். கிளாஸ் முழுக்க நுரையாகவே ஊற்றும் மிலீக்கோ என்பதும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பால் என்று அர்த்தம். அதை நுரை அடங்குமுன் குடித்துவிட வேண்டும், இனிப்பாக இருக்கும்.

போத்தலில் அதே மாதிரி வராது. கிளாஸை நேராக வைத்து நடுவில் கொஞ்சம் வேகமாக ஊற்றி, பாதிக் கிளாஸுக்கு நுரை எழுந்ததும் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு சாய்த்து மெல்ல நிரப்புங்கள். கெட்டியான நுரை மணத்தைப் பிடித்து வைக்கும், கீழே இருக்கும் பியரில் காற்றுப் படாமல் காக்கும்.

5. பார்த்து, மணந்து பாருங்கள்

வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: தெளிந்த தங்க நிறம். பில்ஸ்னருக்குப் பெயர் தந்த செக் நாட்டுப் பில்சென் நகரத்துப் பழைய பியர் இப்படி இருந்ததில்லை. கெட்டுப்போன பியரை 1838-ல் 36 பீப்பாய் அளவுக்கு நகர மண்டபத்தின் முன்னால் கொட்டிவிட்டு, ஊரார் புதிதாக ஓர் ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசப் கிரோல் என்பவரை அழைத்தார்கள். அவர் 1842 ஒக்டோபர் 5-ம் தேதி காய்ச்சத் தொடங்கியதுதான் இந்த வகையின் முதல் பியர்.

மணக்கும்போது விறகடுப்புப் பாணின் கரை வாசம் முதலில் வரும். அது மால்ட். பின்னால் பூவும் புல்லும் நசுக்கிய கொத்தமல்லி விதையும் கலந்த மாதிரி ஒன்று; சாட்ஸ் என்ற வகை ஹாப்ஸ் பூவின் மணம் அது. லேசாக உருகிய வெண்ணெய் வாசம் வந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். டைஅசெட்டில் என்ற பொருளின் மணம், செக் பியரில் கொஞ்சம் இருக்கலாம். தூக்கலாக இருந்தால்தான் குறை.

6. மூன்று மடக்கு

முதல் மடக்கு வாயைக் கழுவ. இரண்டாவதை நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். முதலில் மெல்லிய இனிப்பு, பிறகு கசப்பு எழும். பாவற்காயைக் கடித்ததும் முகம் சுளிப்போமே, அந்த அவசரம் வேண்டாம். விழுங்கியபின் பத்து விநாடி பேசாமல் இருங்கள். கசப்பு கூர்மையாகக் குத்தாமல், உருண்டு வந்து மெல்ல அடங்கும்.

இதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும். இந்த மாதிரித் தண்ணீரில் அவ்வளவு ஹாப்ஸ் போட்டால் கசப்பு முரடாகிவிடும். பில்சென் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் அங்கே தாராளமாகப் போட முடிந்தது. எனக்கு இந்தப் பியரில் மிகப் பிடித்த இடமும் இந்தக் கசப்பு அடங்கும் இடம்தான்.

மூன்றாவது மடக்குக்கு முன் பொரித்த இறால் ஒன்றைக் கடியுங்கள். எண்ணெயைக் கசப்பு வழித்தெடுப்பது நன்றாகத் தெரியும். நண்டுக் குழம்பு வேண்டாம், அந்த உறைப்பில் ஹாப்ஸ் மணம் காணாமல் போகும்.

மீதியை அவசரமில்லாமல் குடியுங்கள். ஒவ்வொரு மடக்குக்கும் நுரை கிளாஸில் ஒரு வளையம் விட்டு இறங்கும். சுத்தமாகக் கழுவிய கிளாஸ் என்றால் கடைசியில் அந்த வளையங்களை எண்ணலாம். போன ஞாயிறு எனக்கு ஏழு.