பெட்டிக்குள் வானொலி நிலையம்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதேயுங்கோ

குறிகட்டுவான் இறங்குதுறையில் என் பெட்டியைத் தூக்கி ஏற்றிய படகுக்காரர், "தம்பி, உள்ளுக்கை என்ன, கல்லோ?" என்று கேட்டார். இருபத்தாறு கிலோ. எங்கும் கொண்டு போகக்கூடிய வானொலி நிலையம் என்று நான் பெருமையாகச் செய்தது, தூக்க இரண்டு பேர் வேண்டும் என்ற நிலையில் இருந்தது. நெடுந்தீவில் இறங்கித் திறந்தால் இன்னொரு கூத்து. ஓட்டோவும் படகும் குலுக்கிய குலுக்கலில் பற்றரி இடம்பெயர்ந்து, டிரான்சீவரின் (அனுப்பவும் கேட்கவும் ஒரே கருவி) பெரிய குமிழை ஒரு பக்கமாய் வளைத்து வைத்திருந்தது.

டிரான்சீவர், பற்றரி, அன்ரனா ட்யூனர் (அன்ரனாவைக் கருவியோடு இசைய வைப்பது), மைக், கேபிள் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் பொருத்தி, போன இடத்தில் மூடியைத் திறந்ததும் பேசத் தொடங்குவதுதான் இந்த வேலையின் நோக்கம். விளையாட்டாகத் தொடங்கினாலும் உதவும் நாள் வரும். 2004 சுனாமியில் அம்பாந்தோட்டைப் பக்கம் தொலைபேசிகள் செத்துக் கிடக்க, அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான் (அனுமதி பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள்) அங்கிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தபோது, என் பெட்டி அரைகுறையாய் மேசையில் கிடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் அழைப்புக்குறியும் (வானொலியில் எங்களை அடையாளம் காட்டும் பெயர்) கைக்கு வரும்வரை அனுப்பும் பொத்தானை அமத்தக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவின் பயணப்பையில் கருவியைக் கொண்டுவரச் சொல்லும் யோசனையும் வேண்டாம். அதற்கும் முன்அனுமதி தேவை, இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிற்கப்போவது மாமாதான். எங்கள் ஊரில் வானொலிக் கருவியோடு பிடிபடுவது என்றால் என்னவென்று வயதில் மூத்தவர்களுக்குத் தெரியும்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் மூத்த பிழை, பெட்டியை முதலில் வாங்குவது. நல்ல தடித்த பிளாஸ்டிக் பெட்டி, தண்ணீர் புகாத விளிம்பு, உள்ளே வெட்டி எடுக்கும் பஞ்சு. பார்த்தவுடன் கை அரிக்கும். வாங்கிய பிறகு அந்தப் பெட்டிக்குள் எது அடங்குகிறதோ அதுவே நிலையம் என்றாகிவிடும். செய்ய வேண்டியது தலைகீழாக: யாரோடு பேசப் போகிறேன், அதற்கு எந்த அலைவரிசை, அதற்கு என்ன அன்ரனா, எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு பற்றரி. பெட்டி இவை எல்லாவற்றுக்கும் பிறகு. நான் இப்போது பாவிப்பது ஹாட்வெயார்க் கடையில் வாங்கிய சுத்தியல், குறடு போடும் சாதாரண ஆயுதப் பெட்டி. பற்றரிக்கு வேறாக ஒரு சின்னப் பெட்டி. இரண்டு கைக்கும் பாரம் ஒரேயளவு, மோட்டார் சைக்கிளிலும் கட்டலாம்.

அன்ரனாவைக் கடைசியில் யோசிப்பவர்கள் அநேகம். பெட்டியின் மூலையில் ஒரு நீட்டுக் கம்பி, அதுவே போதும் என்ற நினைப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்துக்குப் பகலில் 7 மெகாஹேட்ஸ் அருமையான அலைவரிசை, ஆனால் அலை ஏறக்குறைய நேர் உச்சிக்குப் போய், வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி விழ வேண்டும். நிமிர்த்தி வைத்த கம்பி உச்சியை நோக்கி எதையும் அனுப்பாது. கொழும்புக்காரரைத் தேடுகிறவருக்கு இந்தோனேசியாக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இதற்கு வேண்டியது ஒரு சாதாரண டைபோல், அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் சம நீளத்தில் இழுத்துக் கட்டும் கம்பி. 143ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும், 7.1க்கு 20 மீற்றரும் கொஞ்சமும். அதை ஐந்தாறு மீற்றர் உயரத்தில் படுக்கையாகக் கட்டினால் இந்த வேலைக்குத் தாராளம். இன்னும் உயர்த்த வேண்டும் என்று மல்லுக்கட்டத் தேவையில்லை. இதைத் தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்கப் பனையோடு போராடியிருக்கிறேன்.

பனை என்றதும் ஒரு எச்சரிக்கை. வடலியாக இருந்தால் அதன் கருக்கு, கயிற்றை வாள் போல அறுத்துவிடும். சோளகம் வீசும் காலத்தில் அரைமணி நேரம் போதும், அன்ரனா நிலத்தில் கிடக்கும். வேம்பு, பூவரசு நல்லவை. தங்கூசி நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கொப்புக்கு மேலால் எறிந்து, அதன் பின்னால் தடித்த கயிற்றை இழுத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் கீழ் நுனியை மரத்தில் இறுக்கிக் கட்டாமல் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது போத்தல் ஏறி இறங்கும், கம்பி அறாது. மின்சாரக் கம்பி போகும் பக்கம் எதையும் எறியாதேயுங்கள். அன்ரனா அறுந்து விழுந்தாலும் அந்தக் கம்பியை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் மரத்தைத் தெரிய வேண்டும்.

கையடக்கக் கருவியை மட்டும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு குடாநாடு முழுக்கப் பேசலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கருவி பாவிக்கும் 145 மெகாஹேட்ஸ் அலை ஏறத்தாழ அடிவானம் மட்டுந்தான் போகும். அன்ரனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீற்றரில் வரும். இரண்டு பேரும் 2 மீற்றர் உயரத்தில் பிடித்தால் மொத்தம் 12 கிலோமீற்றர்கூட இல்லை, இடையில் பனங்கூடல் இருந்தால் அதுவும் குறையும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பருத்தித்துறை நேர்க்கோட்டில் 30 கிலோமீற்றர் வரும். இரு பக்கமும் 15 மீற்றர் உயர்த்தினால்தான் எட்டும். ஏறி நிற்க எங்களிடம் மலையா இருக்கிறது!

அடுத்தது பற்றரி. 90களில் பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி ஒன்றை வைத்து 100 வாற் கருவியை ஓட்டப் பார்த்தேன். அந்த 7 என்ற எண் இருபது மணி நேரத்தில் மெதுமெதுவாக எடுத்தால் கிடைப்பது. 100 வாற் கருவி பேசும் உச்சத்தில் 20 அம்பியர் இழுக்கும். பத்து நிமிடத்தில் குரல் கரகரத்தது, பிறகு கருவி தானாக அணைந்தது.

கருவி கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 அம்பியர், பேசும்போது சராசரியாக 9 அம்பியர் என்று வையுங்கள். நேரத்தில் காற்பங்கு பேசினால் சராசரி 3 அம்பியர். 20 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி இதை ஆறு மணி நேரம் தாங்கும், முடியும் தறுவாய்வரை வோல்ற் அதிகம் இறங்காது. ஆனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று எத்தனை அம்பியர் விடும் என்று கேட்டு வாங்க வேண்டும். 10 அம்பியரில் வெட்டும் மலிவுப் பற்றரியோடு பேசினால், முதல் சொல்லிலேயே எல்லாம் அணையும். எஃப்.ரி.8 போன்ற, கணினி வழியாகச் சின்னச் செய்தி அனுப்பும் டிஜிற்றல் முறைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது அனுப்பும் நேரம் முழுக்க முழுப் பலத்தில் அனுப்புவதால் 25, 30 வாற்றுக்குக் குறைத்துவிடுங்கள்.

வயரில் கஞ்சத்தனம் பிடிக்கக் கூடாது. வீட்டு மின்விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 2 மீற்றர் தூரம், போக வர 4 மீற்றர், 20 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1 வோல்ற் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீற்றரில் கால் வோல்ற்தான். இந்தக் கருவிகள் பல 11.7 வோல்ற்றுக்குக் கீழே முரண்டு பிடிப்பவை. பியூஸ் பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கருவியின் பக்கத்தில் அல்ல. இடையில் வயர் உரசி மறைமுனையைத் தொட்டால், பியூஸ் கருவியோடு சும்மா இருக்க, வயர் சிவந்து உருகும். பெட்டிக்குள் இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெக்கை தனிப் பிரச்சினை. தண்ணீர் புகாத பெட்டி காற்றும் புகாதது. பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டியை முற்றத்தில் மூடி வைத்துவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள். கருவியின் விசிறி பெட்டிச் சுவரைப் பார்த்து ஊதினால் அதே சூட்டுக் காற்றுத்தான் சுற்றிச் சுற்றி வரும். பேசும்போது முன்மூடி, பின்மூடி இரண்டும் திறக்க வேண்டும். லிதியம் இரும்பு பொஸ்பேற்றை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் பண்ணக் கூடாது என்பதால், சூரியத் தகடு வெயிலில், பற்றரி நிழலில்.

அந்தச் சூரியத் தகட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி எனக்கு இரண்டு மாதம் தின்றது. 7 மெகாஹேட்ஸில் ஒரே இரைச்சல், அன்ரனாதான் பிழை என்று மாற்றி மாற்றிக் கட்டினேன். கடைசியில் தகட்டைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. மலிவான சார்ஜரும், போனுக்கு 5 வோல்ற் கொடுக்கும் சின்னச் சுற்றும் இதே வேலையைச் செய்யும். பற்றரியில் மட்டும் கருவியை ஓட்டிக் கேளுங்கள், பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அன்ரனாக் கம்பியை நேரே பெட்டியிலேயே செருகுவதும் வேண்டாத வேலை. மைக் உதட்டில் சுட்டால், மடிக்கணினி உறைந்தால், அலை பெட்டிக்கே திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய அன்ரனாக் கேபிள் 10 மீற்றர் போட்டு அன்ரனாவைத் தள்ளி வையுங்கள், கேபிளை ஒரு ஃபெரைற் (காந்தத்தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றிவிடுங்கள். 7 மெகாஹேட்ஸில் அந்த நீளத்துக்கு இழப்பு அரை டெசிபெல்கூட இல்லை, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதே கேபிள் 145இல் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் அதற்குத் தடித்த கேபிள் வேண்டும்.

கடற்கரைக்குக் கொண்டு போனால் உப்புக் காற்று இணைப்பிகளைப் பச்சையாக்கும். வீடு வந்ததும் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தூரத்தில் இடி கேட்டாலே கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் பொருத்தியாயிற்று என்று நினைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பெட்டியோடு முற்றத்தில் போய் இருங்கள். பேசி முடிக்கும்வரை வீட்டுக்குள் போகக் கூடாது. போனால், எதற்குப் போனீர்கள் என்று எழுதுங்கள். நான் முதல்முறை ஒன்பது தடவை போனேன். மாற்றுப் பியூஸ், பேனை, பி.எல்.259 வகைக் கேபிள் முனையை பி.என்.சி வகையாக்கும் சின்ன இணைப்பி, குறடு, ரோச் லைட். ஏழாவது தடவை போனது மைக்குக்கு. இப்போது அது ஒரு கயிற்றில் பெட்டியோடேயே கட்டிக் கிடக்கிறது.