நெட் வரவில்லையா? கடைமடையிலிருந்து மேலே நடந்து பாருங்கள்

“தம்பி, நெட்டு வரலடா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்” என்று பெரியம்மா போன் போட்டால் முன்பெல்லாம் போட்டது போட்டபடி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மன்னார்குடியிலிருந்து அவர் ஊருக்கு அரை மணி நேரம். போய்ப் பார்த்தால் பாதி நாள் பிளக் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் மிக்சி போடுவதற்காக யாரோ அதைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். இப்போது போனிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுகிறேன், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காக எழுதுவது, தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் நம் பக்கத்தில் யாரும் எடுத்த எடுப்பில் மேட்டூரைத் திட்டுவதில்லை. சரி, திட்டுவோம், ஆனால் அதற்கு முன்னால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோடு மேலே நடப்போம். நம் மடையில் சருகு அடைத்திருக்கிறதா, மேல் வயல்காரர் கட்டி வைத்திருக்கிறாரா, மதகில் ஷட்டர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் தண்ணீர் எதுவரை வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். இன்டர்நெட்டும் இப்படித்தான். உங்கள் போனோ லேப்டாப்போதான் வயல். வைஃபை வாய்க்கால். சுவரில் மாட்டியிருக்கும் ரூட்டர் பெட்டி மதகு. கம்பத்தில் தொங்கி வரும் ஃபைபர் ஆறு. அதற்கு மேலே இருப்பதெல்லாம் கம்பெனிக்காரர் பாடு. எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கையில் கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்குவதால்தான் சின்னக் கோளாறு பெரிசாகிறது.

படி 1: ஒருத்தருக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

வீட்டில் இன்னொரு போனை எடுத்து அதே வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் அந்தப் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும், நீங்கள் “இதில் வருதே” என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். நானே ஒரு சாயங்காலம் முழுக்க அப்படிக் குடைந்திருக்கிறேன்.

மற்றதில் வந்து ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு அந்தக் கருவியில்தான், பெட்டியைத் தொடாதீர்கள். அந்தக் கருவியில் ஏரோபிளேன் மோட் தவறுதலாக ஏறியிருக்கிறதா பாருங்கள். வைஃபை பெயரை அழுத்தி ‘ஃபர்கெட்’ கொடுத்து, கடவுச்சொல்லைப் போட்டு மறுபடி சேருங்கள். மசியவில்லை என்றால் ரீஸ்டார்ட். கணினியாக இருந்தால் ‘ஷட் டவுன்’ போதாது, ‘ரீஸ்டார்ட்’ தான் கொடுக்க வேண்டும்; விண்டோஸ் 10, 11 இரண்டும் ஷட் டவுன் கொடுத்தால் மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காகப் பழைய நிலையில் கொஞ்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு படுக்கும், கோளாறும் கூடவே படுத்து எழுந்துவிடும்.

படி 2: பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது?

எல்லாவற்றிலும் வரவில்லையா, எழுந்து போய்ப் பெட்டியைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெட்டி மாறும், ஆனால் பவர், பிஓஎன், எல்ஓஎஸ், இன்டர்நெட் என்ற பெயர்களில் விளக்குகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. நான் போனில் கேட்கும் முதல் கேள்வியே “சிவப்பா ஏதாவது கண்ணடிக்குதா?” என்பதுதான்.

எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபர் வழியாக வெளிச்சமே பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஆற்றிலேயே தண்ணீர் இல்லை, உங்கள் போனில் நீங்கள் எதைத் தட்டினாலும் பிரயோசனம் கிடையாது. இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். தென்னந்தோப்புக்கு நடுவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் கம்பி அது. மட்டை விழும், எலி கடிக்கும், அறுவடை நேரத்தில் வைக்கோல் கட்டைக் கூரை உயரத்துக்கு ஏற்றி வரும் டிராக்டர் இழுத்துக்கொண்டு போய்விடும், ஓட்டுகிறவருக்கே தெரியாது. வீட்டுக்குள் ஒரே ஒரு இடம் மட்டும் நீங்கள் பார்க்கலாம்: பெட்டிக்குப் பின்னால் வரும் மெல்லிய கம்பி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, ஒரு டம்ளர் வாயைவிடச் சின்ன வளையமாகச் சுற்றினால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும். நிமிர்த்தி விடுங்கள், அவ்வளவுதான். முனையைப் பிடுங்கி ஊதுவது, சட்டைத் துணியில் துடைப்பது எல்லாம் வேண்டாம். கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வகை.

பிஓஎன் (கம்பெனியோடு ஃபைபர் தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் விளக்கு) பச்சையாக நிலைத்து எரிகிறது, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை அல்லது சிவப்பு என்றால் ஆறு ஓடுகிறது, மதகில் அனுமதி இல்லை. சந்தா முடிந்துவிட்டதா பாருங்கள். சிரிக்காதீர்கள், என்னைக் கூப்பிட்டதில் கணிசமான பேருக்கு இதுதான் வியாதி.

படி 3: அணைத்துப் போடுவது

இதற்கும் ஒரு முறை இருக்கிறது. சுவிட்சை அணைத்து, மனசுக்குள் முப்பது எண்ணி, பிறகு போடுங்கள். போட்ட கையோடு வைஃபை தேடாதீர்கள், இரண்டு மூன்று நிமிஷம் ஆகட்டும், பிஓஎன் மினுக்குவதை நிறுத்தி நிலைக்கட்டும்.

பெட்டியின் பின்னால் குண்டூசி மட்டும் நுழையும் ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஊசியை விட்டு அமுக்கினால் ரீஸ்டார்ட் ஆகாது, கம்பெனிக்காரர் உள்ளே எழுதி வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து பெட்டி பிறந்த மேனிக்கு வந்து நிற்கும். ஒரு முறை நான் இதைச் செய்துவிட்டு, ஆள் வந்து சரிசெய்யும்வரை இரண்டு நாள் வீட்டில் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

படி 4: அடாப்டர்

இதை யாரும் சந்தேகிப்பதில்லை, அதனாலேயே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வாரம், பகலெல்லாம் நன்றாக ஓடிய நெட் ராத்திரி ஏழு மணிக்கு மேல் விட்டு விட்டு வந்தது. நான் கம்பெனிக்காரரோடு மூன்று முறை சண்டை போட்டேன். லைன் பார்க்க வந்தவர் பொறுமையாக இருந்துவிட்டு, தன் பையிலிருந்து வேறு அடாப்டரை எடுத்துச் செருகினார். தொல்லை நின்றுவிட்டது. அடாப்டர் பழசானால் பேருக்கு 12 வோல்ட் காட்டும், ஆனால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கும் நேரத்தில் பெட்டி கூடுதலாக இழுக்கும்போது தாக்குப்பிடிக்காது, பெட்டி தானாக அணைந்து அணைந்து எழுந்திருக்கும். உங்கள் பெட்டியில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் போய்ப் போய் வந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வாங்கும்போது பழையதன் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

படி 5: மூன்று பிங்

விளக்கெல்லாம் பச்சை, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. இப்போதுதான் கணினி பக்கம் வருகிறோம். விண்டோஸ் பொத்தானையும் ஆங்கில ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் சின்னப் பெட்டி ஒன்று வரும், அதில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை வரும், பயப்படாதீர்கள், இதில் நாம் எதையும் மாற்றப் போவதில்லை.

முதலில் ஐபிகான்ஃபிக், அதாவது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி, இடைவெளி இல்லாமல். வரும் பட்டியலில் டிஃபால்ட் கேட்வே என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல இருக்கும், அதுதான் உங்கள் பெட்டியின் முகவரி. ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால் கணினிக்குப் பெட்டி முகவரியே கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறது. வைஃபையை விட்டுவிட்டு மறுபடி சேருங்கள், பெட்டியையும் அணைத்துப் போடுங்கள்.

அப்புறம் பிங், அதாவது “இருக்கியா?” என்று ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்ப்பது. பிங் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, அந்த கேட்வே எண்ணைப் போட்டு என்டர். நான்கு முறை ‘ரிப்ளை’ வந்தால் வாய்க்கால் சரி. அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுள் நடத்தும் முகவரி, இதற்கும் பதில் வந்தால் ஆறும் சரி. கடைசியாகப் பிங் போட்டு கூகுள் டாட் காம். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் படுத்திருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்பின் ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் வரிக்கு எதிரே எடிட் கொடுத்து, மேனுவல் தேர்ந்து, ஐபிவி4-ஐ ஆன் செய்து, முதல் கட்டத்தில் 8.8.8.8, இரண்டாவதில் 1.1.1.1 போட்டு சேமியுங்கள். விண்டோஸ் 11-க்கான வழி இது.

இதில் ஒரு கண்ணி உண்டு. சில சமயம் ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று தொடங்கி, அதே வரியில் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று முடியும். அது பதில் இல்லை. உங்கள் கணினியோ பெட்டியோதான் உங்களிடம் “அங்கே போக முடியலை” என்று சொல்கிறது. வரியை முழுசாகப் படியுங்கள்.

படி 6: வருகிறது, ஆனால் மெதுவாக

முதலில் கணக்கு. 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்காது. பிட் வேறு, பைட் வேறு, எட்டால் வகுக்க வேண்டும், அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். இதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது வீடு. கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும், சுவரோ கனம். பெட்டியை மாட்ட வந்தவர் கம்பி மிச்சம் பார்த்து வாசல் ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார், கொல்லைப் பக்கம் கடைமடை ஆகிவிடும். மாட்டும்போதே கூடத்தில், தலை உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், பித்தளைப் பாத்திரம் அடுக்கிய ஷெல்ஃபில் வேண்டாம், உலோகம் அலையை மறித்துவிடும். பெட்டி இரண்டு வைஃபை பெயர் காட்டினால், பெயரில் 5ஜி என்று இருப்பது வேகம், ஆனால் சுவர் தாண்டாது, மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ், மெதுவானாலும் தூரம் போகும். கூடத்தில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் என்று விற்கும் மலிவான பிளக் டப்பாக்கள் எனக்குப் பிடிக்காது, வாங்கின வேகத்தில் பாதியைத் தானே தின்றுவிடும். அந்தக் காசுக்கு கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிளை உத்தரத்தோடு இழுத்து, பின்கட்டில் இன்னொரு ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது அங்கேயும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக வைக்கலாம். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீடும் அவ்வளவு நீளம் இல்லை.

பழைய டெஸ்க்டாப்பில் கரண்ட் போய் வந்தபின் எல்லாத் தளமும் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டினால் மூலையில் தேதியைப் பாருங்கள். வருஷம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரியை மாற்றினால் போதும்.

கம்பெனியைக் கூப்பிடும்போது

“நெட் வரலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “எல்ஓஎஸ் சிவப்பு, அடாப்டர் மாற்றிப் பார்த்தாச்சு” என்று சொல்லுங்கள், அணைத்துப் போடச் சொல்லும் முதல் பத்து நிமிஷம் மிச்சம். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவரிடம் வெளிச்சத்தின் அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்: மைனஸ் 20 டிபிஎம் பக்கம் என்றால் நல்லது, மைனஸ் 27-க்குக் கீழே, அதாவது மைனஸ் 28, 30 என்று போனால் பலவீனம், அன்றைக்கு ஓடினாலும் மழையில் மறுபடி போகும்.

கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் கூகுளில் தேடாதீர்கள். பில்லில் இருப்பதை எடுங்கள். தேடலில் மேலே வருவது திருடன் எண்ணாக இருக்கலாம், “ஒரு ஆப் போடுங்க சார், நாங்களே உள்ள வந்து சரி பண்றோம்” என்பான், உள்ளே வந்து வங்கிக் கணக்கைச் சரி பண்ணிவிடுவான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் அடாப்டரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேமராவுக்கோ மாடிக்கோ போகும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது, ஆனால் இந்தச் செம்புக் கம்பிகளில் ஏறும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள். கம்பத்தில் ஃபைபரைப் பிரிக்கும் டப்பாவுக்குப் பெரும்பாலும் கரண்டே வேண்டாம், அதனால் தெருவே இருட்டாக இருந்தாலும் நெட் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி கம்பமே சாய்ந்தால் அது வேறு கதை.

கடைசியாக ஒரு தாளில் உங்கள் கணக்கு எண், பில்லில் உள்ள கஸ்டமர் கேர் எண், வைஃபை கடவுச்சொல், எந்த விளக்கு எரிந்தால் என்ன என்று எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரியம்மா வீட்டில் அதை நாள்காட்டி அட்டையின் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். நான் எழுதின எல்ஓஎஸ் என்பதை அடித்துவிட்டு, “சிவப்புப் பொட்டு – தம்பி வேண்டாம், லைன்காரரைக் கூப்பிடு” என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.