கலிஃபோர்னியாவில் கொல்லையில் கஞ்சா வளர்ப்பதற்கு முன்னால்

கலிஃபோர்னியாவில் 21 வயது ஆனவர்கள் வீட்டில் ஆறு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம். 2016 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 64ஆம் முன்மொழிவு தந்த உரிமை இது. பலர் இதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கொல்லையில் தொட்டியை வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறு தொடங்குகிறது. திறந்தவெளியில் வளர்ப்பதை முழுவதுமாகத் தடை செய்யும் அதிகாரத்தை அதே சட்டம் நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள்ளே, அல்லது வீட்டை ஒட்டிய, பூட்டு போட்ட மூடிய கொட்டகைக்குள்ளே வளர்ப்பதைத்தான் அவர்களால் அடியோடு தடுக்க முடியாது, அதற்கும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்.

யாருடைய விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதிலும் குழம்புகிறார்கள். தபால் முகவரியில் நகரத்தின் பெயர் இருந்தாலும் வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கலாம், அப்படியானால் கவுன்டி விதிதான். நண்பர் பக்கத்து ஊரில் வளர்க்கிறார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. போன வருடம் பார்த்த விதியையும் நம்ப வேண்டாம்: கலவெராஸ் கவுன்டி வணிகச் சாகுபடியை 2016இல் அனுமதித்து, 2018இல் தடை செய்து, 2019இல் மறுபடியும் திறந்துவிட்டது. இடையில் பணம் போட்டவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆறு என்பது ஒரு வீட்டுக்கு, தலைக்கு இல்லை. வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தாலும் ஆறுதான். தெருவில் நடப்பவர் கண்ணில் செடி படக்கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு.

அறுத்ததைக் காயவைப்பது, சுத்தம் செய்வதெல்லாம் சரி, 28.5 கிராமுக்கு மேல் இருப்பதை வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பியூட்டேன் வாயுவை வைத்து எண்ணெய் எடுக்கும் வேலையை வீட்டில் தொடவே தொடாதீர்கள். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு பரவும், ஃபிரிட்ஜ் மோட்டாரின் சின்னப் பொறி போதும், வீடே போய்விடும். உரிமம் இல்லாமல் செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

விற்பதற்கு வளர்ப்பது வேறு கதை. மாநில உரிமம் மட்டும் போதாது, உள்ளூர் ஒப்புதலும் வேண்டும். வணிகச் சாகுபடியை அனுமதிக்கிற ஹம்போல்ட் கவுன்டியிலேயே, அனுமதியில்லாத தோட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து நாளுக்கு 10,000 டாலர் வரை அபராதம் போடுகிறார்கள்.

நம்மவர்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா வளர்ப்பது குற்றம். மாநிலச் சட்டப்படி சரியாக நடந்திருந்தாலும், கஞ்சா விஷயம் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலிலேயே எழுத்தில் அறிவித்துவிட்டது. தண்டனை பெற்றிருக்கவே வேண்டாம், நேர்காணலில் வாயால் ஒப்புக்கொண்டாலே சிக்கல்தான். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் ஒரே ஒரு செடி வைப்பதற்கு முன்னால்கூடக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.